அப்பனுக்கு இருந்தா மகனுக்கும் வந்துதான் ஆகணுமா?

சென்ற மாதம் ஒரு காரியமாக மாக் மண்டின் பக்கம் போயிருந்தேன். போன இடத்தில் ஓர் ஒட்டுக்கடையில் பழைய தோட்டத்து நண்பர் ஒருவரைப் பார்த்தேன். ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டம் கைமாறிய பிறகு அவர் குடும்பத்தோடு பட்டணத்துப் பக்கம் வந்து, தொழிற்சாலையில் ஜாகா வேலை பார்த்து, இப்போது ஓய்வில் இருக்கிறார். எங்கள் இருவருக்கும் தே தாரே வந்தது. அவர் கிளாசில் கெட்டிப்பால் இரண்டு விரல் உயரம் நின்றது. அதற்கு மேலும் ஒரு கரண்டி சீனி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"என்னய்யா, உனக்கு இனிப்பு நீர் இருக்குன்னு சொன்னாங்களே?" என்றேன்.

"இருக்குண்ணே. இது நமக்குக் குடும்பச் சொத்து. எங்கப்பாவுக்குக் கால் போச்சு. எங்கம்மாவுக்குக் கண்ணு போச்சு. எனக்கு எது போகும்னுதான் பாக்கணும். ரத்தத்துல எழுதினத யாரு அழிக்கறது? இருக்கற வரைக்கும் ருசியா குடிச்சுட்டுப் போவோமே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து மேசையில் அவருடைய பேரன், பதினைந்து வயதுப் பையன், பெரிய கிளாசில் ஐஸ் மைலோ குடித்துக்கொண்டிருந்தான். தாத்தா சொன்னது அத்தனையும் அவன் காதில் விழுந்தது. தன் ரத்தத்திலும் அதுதான் எழுதியிருக்கிறது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டால் என்ன ஆவது?

இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இனிப்பு நீர் நம்மவரிடையே அதிகம் என்பது யாவரும் அறிந்ததே. எவ்வளவு அதிகம் என்பது பலருக்குத் தெரியாது. 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இனவாரியாகப் பிரித்துப் பார்த்தால் சீனர்களில் 15.1 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 22 விழுக்காடு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. அதாவது நம்மில் வளர்ந்தவர்கள் பத்துப் பேர் கூடினால் மூன்று பேருக்கு இருக்கிறது. கோயில் திருவிழாப் பந்தியில் ஒரு வரிசை உட்கார்ந்தால், இலைக்கு இலை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே நாட்டில், ஒரே சந்தையில் வாங்கித் தின்னும் மூன்று இனத்தாரிடையே ஏன் இந்த வேறுபாடு? "பரம்பரை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பரம்பரைக்குப் பங்கு உண்டு, அது பொய்யல்ல. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40 அளவு என்றும், இருவருக்கும் இருந்தால் 70 அளவு என்றும் வைத்தியர்கள் பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். ஆனால் பரம்பரை என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கையை விரிப்பதுதான் தவறு.

600 மரத்தைப் பாருங்கள்

பால் வெட்டியவர்களுக்கு இதைப் புரிய வைக்க வெளியே எங்கும் போக வேண்டாம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டு மரம் நமக்கெல்லாம் தெரியும். ஒரே தாய் மரத்தின் மொட்டை எடுத்து எடுத்து ஒட்டியதால், இந்தக் காட்டில் நிற்கும் 600 மரத்துக்கும் அடுத்த தோட்டத்தில் நிற்கும் 600 மரத்துக்கும் பரம்பரைக் கூறு ஒன்றேதான். நல்ல பால் தரும் சாதி. ஆனால் கிளையைப் பிடிக்கும் இளஞ்சிவப்புப் பூசண நோய் அதற்குச் சீக்கிரம் வரும். அது அந்த மரத்தின் பிறவிப் பலவீனம்.

அப்படியானால் 600 மரம் எல்லாமே பட்டுப் போயிற்றா? இல்லையே! ஓயாத மழை பெய்யும் காட்டில், கவனிப்பாரற்று நின்ற மரத்தை நோய் பிடித்தது. காலத்தில் மருந்து அடித்துக் கண்காணித்த நிரையில் மரம் பிழைத்தது, பாலும் கொடுத்தது. பிறவி ஒன்று, கதி இரண்டு. மனிதனின் மரபணுவும் ஏறக்குறைய இப்படித்தான். எந்தப் பக்கம் நாம் சாயக்கூடும் என்று அது காட்டும். விழுந்தே தீருவோம் என்று அது தீர்ப்பு எழுதுவதில்லை.

சென்னையில் கண்டது

நம் ரத்தத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் வி. மோகன் நடத்தும் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார், நகரத்து மக்களிடம் பல்லாயிரம் பேரைச் சோதித்து, அவர்களின் ரத்தத்திலிருந்து மரபணுவையும் எடுத்துப் பார்த்து வந்தார்கள்.

டி.சி.எஃப்.7.எல்.2 என்று ஒரு மரபணு. 2006இல் ஐஸ்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னது. அதில் ஓர் எழுத்து மாறியிருந்தால், கணையம் தேவையான நேரத்தில் இன்சுலினைச் சுரப்பது மந்தப்படுகிறது. அந்த மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே இனிப்பு நீர் வரும் ஆபத்து ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுகிறது. 2007இல் சென்னைக்காரர்களிடமும் இதே மாற்றம் நோயோடு சேர்ந்து காணப்படுகிறது என்று அந்த நிலையத்தார் வெளியிட்டார்கள்.

இன்னொன்று சுவையானது. பி.பி.ஏ.ஆர்.ஜி. என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் வெள்ளைக்காரர்களுக்கு இந்நோயிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. சென்னையிலும், அமெரிக்காவின் டல்லஸ் நகரிலும் இருக்கும் இந்தியர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். நம்மிடமும் அந்த மாற்றம் உண்டு. ஆனால் பாதுகாப்பு மட்டும் கிடைக்கவில்லை! 2006இல் வெளிவந்த செய்தி இது. அவர்களுக்குக் குடையாக இருப்பது நமக்குக் குடையாக இல்லை. அதனால், "அவன் தின்கிறான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பிறரைப் பார்த்து நாம் அளவு வைத்துக்கொள்ளக் கூடாது.

2011இல் தென்னாசிய வம்சாவளியினரிடம் மட்டும் தேடி, மேலும் ஆறு இடங்களைக் கண்டார்கள். 2024இல் உலகம் முழுவதும் 25 லட்சம் பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வில் இப்படி 611 இடங்கள் என்று கணக்கு வந்தது. இங்கேதான் நண்பருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இருக்கிறது. ஒரே ஒரு பொல்லாத மரபணு உட்கார்ந்துகொண்டு நம்மை ஆட்டிவைக்கவில்லை. நூற்றுக்கணக்கான சிறு சிறு கூறுகள், ஒவ்வொன்றும் ஒரு துளி பாரத்தைத் தராசில் போடுகின்றன. மறு தட்டில் நாம் என்ன போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

சீனிக்கு முன்னே வருவது கொழுப்பு

நம்மவர் கிளினிக்கிற்குப் போனால் "சீனி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதே சீட்டில் இன்னும் சில எண்கள் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அதுதான் முன்கூட்டியே அடிக்கும் மணி.

ரத்தத்தில் ஓடும் கொழுப்பு ஒன்றல்ல. எல்.டி.எல். என்பது ரத்தக் குழாயின் சுவரில் படியும் கெட்ட கொழுப்பு. எச்.டி.எல். என்பது அதைத் துடைத்து எடுத்துச் செல்லும் நல்ல கொழுப்பு. மூன்றாவது டிரைகிளிசரைடு. நம்மவர் உடம்பில் ஒரு தனிப் போக்கு இருப்பதை வைத்தியர்கள் நெடுநாளாகப் பார்த்து வருகிறார்கள்: டிரைகிளிசரைடு கூடியிருக்கும், நல்ல கொழுப்பு குறைந்திருக்கும், வயிறு முன்தள்ளியிருக்கும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் இனிப்பு நீர் வாசலில் வந்து நிற்கிறது என்று பொருள்.

இது எப்படி நடக்கிறது? கொழுப்பு என்றால் எண்ணெயும் ஆட்டிறைச்சியும் என்றுதான் நினைக்கிறோம். டிரைகிளிசரைடு ஏறுவதற்கு அவை மட்டும் காரணமல்ல. தட்டு நிறையச் சோறு, கெட்டிப்பால் தேத்தண்ணி, போத்தல் பானம் இவற்றிலிருந்து வரும் சீனி, வேலை செய்து எரிக்காமல் மிஞ்சினால், ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. கள்ளும் சம்சுவும் பீரும் அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்கின்றன. ஈரலிலும் தசையிலும் இப்படிக் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் கதவைத் தட்டினாலும் உடம்பு திறப்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து பார்க்கிறது. பிறவியிலேயே மந்தமான கணையமாக இருந்தால் அது ஒருநாள் களைத்துப் போகிறது. அன்றுதான் ரத்தத்தில் சீனி ஏறுகிறது. ஆக, சீனி என்பது கடைசியில் வரும் செய்தி. அதற்குப் பல ஆண்டு முன்பே கொழுப்பு எண்கள் சேதி சொல்லிக்கொண்டிருந்தன!

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக் என்பவரும் லண்டன் டாக்டர் யுட்கின் என்பவரும் 2004இல் தங்கள் இருவரின் படத்தையே ஒரு மருத்துவ ஏட்டில் போட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு! கை கால் குச்சி, வயிற்றுக்குள்ளே கொழுப்பு. அதனால் எடை பார்க்கும் மெஷினை மட்டும் நம்பாதீர்கள். தையற்காரர் நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை.

கொழுப்பு மாத்திரை பற்றி ஒரு வதந்தி

"கொழுப்பு மாத்திரை தின்னா இனிப்பு நீர் வந்துடுமாம்" என்று சொல்லி, மாத்திரையைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் வதந்தி பரவுகிறது. உண்மையை முழுதாகச் சொல்லிவிடுவோம்.

ஸ்டேட்டின் என்ற வகை மாத்திரைகள் கெட்ட கொழுப்பைக் குறைக்கின்றன. 91,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட 13 ஆய்வுகளை 2010இல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். மாத்திரை எடுத்தவர்களிடம் இனிப்பு நீர் 9 விழுக்காடு அதிகம் காணப்பட்டது. பயமாக இருக்கிறதா? எண்ணிப் பார்த்தால் பயம் தெளியும். 255 பேர் நான்கு வருடம் மாத்திரை எடுத்தால், அதில் ஒருவருக்குக் கூடுதலாக இனிப்பு நீர் வரும். அதே 255 பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு வர இருந்த மாரடைப்பு போன்ற பெரிய ஆபத்து வராமல் போகும். ஒன்றுக்கு ஐந்து! எது லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மரபணு ஆய்வும் இதை விளக்குகிறது. பிறவியிலேயே கெட்ட கொழுப்பு மிக அதிகமாக இருக்கும் குடும்பங்கள் சில உண்டு. நெதர்லாந்து நாட்டில் அப்படிப்பட்ட குடும்பங்களில் 63,000 பேரைப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். அந்தக் கோளாறு உள்ளவர்களில் 1.75 விழுக்காட்டினருக்குத்தான் இனிப்பு நீர். கோளாறு இல்லாத உறவினர்களில் 2.93 விழுக்காடு. அதாவது கெட்ட கொழுப்பு வேறு, இனிப்பு நீரோடு கூட்டுச் சேரும் கொழுப்பு வேறு. கெட்ட கொழுப்பு நெஞ்சை அடைக்கும். டிரைகிளிசரைடு கூடி நல்ல கொழுப்பு குறைவது இனிப்பு நீருக்கு வழிகாட்டும். இரண்டையும் பார்த்துத்தான் டாக்டர் மருந்து கொடுக்கிறார். சந்தேகம் இருந்தால் அவரிடமே கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தடுக்க முடியுமா? முடியும்!

"எல்லாம் சரிண்ணே, ரத்தத்துல இருக்கறத நடந்தா குறைக்க முடியுமா?" என்று என் நண்பர் கேட்பார். இதற்கும் சென்னையில்தான் பதில் இருக்கிறது.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் நோயின் வாசலில் நின்றவர்கள். இன்னும் நோய் வரவில்லை. நம்மைப் போன்ற ரத்தம், நம்மைப் போன்ற சாப்பாடு. ஒரு பிரிவினருக்கு வழக்கமான புத்திமதி மட்டும். இன்னொரு பிரிவினரைத் தினமும் அரைமணி நேரம் விறுவிறுப்பாக நடக்கச் செய்து, சீனியையும் எண்ணெயையும் குறைக்க வைத்தார்கள். மூன்று வருடத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்குத்தான். 2006இல் வெளிவந்த கணக்கு இது.

நூற்றுக்குப் பதினாறு பேர் அந்த மூன்று வருடத்தில் தப்பித்தார்கள். முப்பத்தொன்பது பேர் தப்பவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நடந்தால் வரவே வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தப் பதினாறு பேரில் ஒருவராக இருக்க நமக்கும் இடம் உண்டு. முயன்று பார்க்காமல் அந்த இடத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

நம் அப்பாமார் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, காண்டா வாளியில் பால் சுமந்தார்கள். தின்ற சோறு எரிந்தது. இன்று அதே சோறு, அதே தேத்தண்ணி. வேலை மட்டும் உட்கார்ந்தபடி, அல்லது ஒரே இடத்தில் நின்றபடி. வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சி. தோட்டத்தை விட்டு வந்தோம். தோட்டத்துப் பசியை மட்டும் கூடவே கொண்டு வந்துவிட்டோம்.

சீனிக்கு வந்தவர்கள் நாம்

இன்னொன்றும் நினைத்துப் பார்க்கிறேன். இந்தச் செபராங் பிறை மண்ணுக்கு, அன்று புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று பெயர், நம் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதன்முதலாக எதற்கு வந்தார்கள்? கித்தாவுக்கு அல்ல. கரும்புக்கு! ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்து, கரும்பு வெட்டிச் சீனி ஆலைக்குக் கொடுத்தார்கள். பிறகுதான் அந்தக் காடுகள் கித்தாவாக மாறின. பிறருடைய மேசைக்கு இனிப்பு அனுப்பியவர்களின் பேரப் பிள்ளைகள் ரத்தத்தில் அந்த இனிப்பு இன்று நிற்கிறது. இந்தக் கொடுமைக்கு நாம் தலையாட்டலாமா?

யார் என்ன செய்ய வேண்டும்?

எல்லாப் பழியையும் தொழிலாளி தலையில் போடுவது நியாயமல்ல. பினாங்கு பயனீட்டாளர் சங்கம், 2019இல் காலமான எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்கள் தலைவராக இருந்த காலந்தொட்டே, சீனிக்கு எதிராகக் கத்திக்கொண்டிருக்கிறது. அரசாங்கம் 2013 அக்டோபரில் சீனிக்கான உதவித் தொகையை எடுத்தது. 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் தொழிற்சாலைக் கேன்டீனில் பச்சைத் தண்ணீரைவிட இனிப்புத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வரி என்ன செய்யும்? ரத்தச் சோதனைக்குப் போக அரைநாள் கேட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயம் இருந்தால் கிளினிக் எதற்கு? தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளப் பேச்சோடு இதையும் பேச வேண்டும்: வருடத்தில் ஒருநாள், சம்பளத்தோடு, ரத்தச் சோதனை.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டாம். நம் கையில் இருப்பதைச் செய்வோம்.

அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது இனிப்பு நீர் இருந்தால், நாற்பது வயது வரட்டும் என்று இருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். வெறும் வயிற்றில் போய்ச் சீனியோடு கொழுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றுச் சீனி 7 எட்டினால் நோய் என்று கொள்வார்கள். டாக்டர் இன்னொரு முறை சோதித்து உறுதி செய்வார். டிரைகிளிசரைடு 1.7க்கு மேல் போனால், ஆண்களுக்கு நல்ல கொழுப்பு 1க்குக் கீழே இறங்கினால், சீனி சரியாக இருந்தாலும் அது மணியடிப்புத்தான். குறைந்த வருமானக்காரர்களுக்காக 2019இல் பெக்கா பி40 என்ற இலவசச் சோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. உங்களுக்குத் தகுதி உண்டா என்று கிளினிக்கில் விசாரித்துப் பாருங்கள்.

சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கைப்பிடி குறைத்து, கீரையும் பயறும் மீனும் கூட்டுங்கள். தேத்தண்ணியில் கெட்டிப்பாலை வாரத்துக்கு வாரம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். சாராயத்தை விடுங்கள். மாலையில் அரைமணி நேரம் நடங்கள். கூட்டமாக நடந்தால் பேச்சுத் துணையும் கிடைக்கும்.

கல்யாணம் பேசுகிற இடத்தில் "அந்தக் குடும்பத்துல சீனி இருக்காம்" என்று பெண்ணைத் தள்ளுகிறார்கள். அந்தப் பயத்தால் பெற்றோர் தங்கள் நோயை மறைக்கிறார்கள். மறைத்த நோயைப் பிள்ளை எப்படி அறியும்? எப்படிச் சோதித்துக்கொள்ளும்? பத்தில் மூன்று பேருக்கு இருக்கும் நோயில் வெட்கப்பட என்ன இருக்கிறது? குடும்ப நோயைச் சொல்லி வைப்பதுதான் பிள்ளைக்குச் செய்யும் நன்மை.

அன்று ஒட்டுக்கடையில் எழுந்திருக்கும்போது நண்பரிடம் ஒன்றுதான் சொன்னேன். "உங்கப்பாகிட்ட இருந்து வந்தது ரத்தம். இந்தக் கிளாஸ்ல இருக்கற கெட்டிப்பால் அவர்கிட்ட இருந்து வரல, நீயா கேட்டு வாங்கினது." அவர் பதில் பேசவில்லை. பையன்தான் கேட்டான்: "தாத்தா, எனக்கும் ரத்தம் சோதிக்கணுமா?"

நண்பர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு, "திங்கக்கிழமை ரெண்டு பேரும் போவோம்டா" என்றார்.

போனார்களா என்று அடுத்த முறை கேட்டுச் சொல்கிறேன். நீங்கள் எந்தத் திங்கட்கிழமை போகப் போகிறீர்கள்?